ஈட்டியோடு நியூசிலாந்துக் கடலில் இறங்குபவருக்கு ஒரு விதிச் செயலி: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

நியூசிலாந்தின் முதன்மைத் தொழில்கள் அமைச்சகம், பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்காக ‘என்இசட் ஃபிஷிங் ரூல்ஸ்’ என்ற பெயரில் ஒரு கைப்பேசிச் செயலியை இலவசமாக வழங்குகிறது. மூச்சை அடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதற்காக வெளிநாட்டிலிருந்து அங்கே செல்லும் ஒருவருக்கு அந்தச் செயலி எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈட்டி மீன்பிடிப்புக்காக நான் பயன்படுத்திய அரசு விதிச் சேவைகளில் இதுவே சிறந்தது. ஆனாலும் இதை மட்டும் நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிடக் கூடாது. அதற்கான காரணம் செயலியின் குறைபாடு அன்று. ஈட்டி மீன்பிடிப்பு என்னும் செயலின் தன்மையே அதற்குக் காரணம்.

தூண்டிலில் சிக்கிய மீனைக் கையில் எடுத்து, அளவுகோலில் கிடத்திப் பார்த்து, சிறியது என்றால் உயிரோடு கடலில் விட்டுவிடலாம். இனம் தெரியவில்லை என்றாலும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். ஈட்டி பாய்ந்த மீனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. என்ன இனம், எவ்வளவு நீளம், இந்த இடத்தில், இந்த நாளில், இந்தக் கருவியால் பிடிக்கலாமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விசையை அழுத்துவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டும்; அதுவும் மூச்சு குறைந்துகொண்டிருக்கும் சில விநாடிகளுக்குள், கைப்பேசி எட்டாத ஆழத்தில். போதாக்குறைக்கு முகக்கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகின்றன. 27 சென்டிமீட்டர் மீன் 36 சென்டிமீட்டர் போலத் தோன்றும். கரையில் சந்தேகமே இல்லாமல் சிறியது என்று சொல்லக்கூடிய மீனை நீருக்குள் பெரிய மீன் என்று நம்பிச் சுடுவது மிக எளிது. ஆகவே ஈட்டி மீன்பிடிப்பவருக்கு விதிச் செயலி என்பது முந்தைய நாள் இரவில் உட்கார்ந்து படித்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று. படகில் அதைத் திறப்பது சரிபார்ப்பதற்காக மட்டுமே. இந்தக் கண்ணோடுதான் செயலியின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்தேன்.

முதலில் அதன் பெரும்பலத்தைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பதிவிறக்கி அமைத்துவிட்டால், கைப்பேசி அலைவரிசை இல்லாத இடத்திலும் அது வேலை செய்கிறது. ஜிபிஎஸ் மூலம் நாம் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து, அந்த இடத்துக்குரிய விதிகளைக் காட்டுகிறது. இது சிறிய வசதி போலத் தோன்றலாம். நியூசிலாந்தின் மீன்பிடி விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றாக இல்லாமல், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகின்றன என்பதை அறிந்தவருக்கு இதன் அருமை புரியும். வடக்குத் தீவின் வடமுனையை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் ஸ்னாப்பர் மீனின் குறைந்தபட்ச நீளம் 30 சென்டிமீட்டர். ஒருவர் ஒரு நாளில் 7 மீன்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அதே முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனால் நீளம் 27 சென்டிமீட்டராகவும் எண்ணிக்கை 10 ஆகவும் மாறிவிடுகின்றன. நிலம் ஒடுங்கியிருக்கும் அந்தப் பகுதியில் காலையில் ஒரு கரையிலும், காற்று திசை மாறினால் பிற்பகலில் மறு கரையிலும் இறங்குவது ஈட்டி மீன்பிடிப்பவர்களின் வழக்கம். இரண்டு கரைகளுக்கும் இரண்டு விதிகள் என்பதை அச்சிட்ட துண்டறிக்கையில் தேடிக்கொண்டிருப்பதைவிட, திரையில் இடத்தோடு சேர்த்துப் பார்ப்பது நூறு மடங்கு பாதுகாப்பானது.

அளக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். இதை நான் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல நாடுகளுக்குச் செல்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நியூசிலாந்தில் மீனின் மூக்கு நுனியிலிருந்து வாலின் நடுவே உள்ள பிளவு வரை அளக்கிறார்கள். மீனைப் பக்கவாட்டில் அளவுகோலின் மீது கிடத்தி, மூக்கு முட்டும்படி தள்ளி, வாலின் ‘வி’ வடிவப் பள்ளம் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். டாஸ்மன் கடலுக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் அதே ஸ்னாப்பர்தான் இருக்கிறது. அங்கும் குறைந்தபட்ச நீளம் 30 சென்டிமீட்டர்தான். ஆனால் அங்கே அளப்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் கடைக்கோடி வரை. அதாவது சிட்னி அருகே 30 சென்டிமீட்டரைச் சரியாகத் தொடும் ஒரு மீன், நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் விதிக்குக் குறைவான மீன். ஒரே இனம், ஒரே எண், இரண்டு வேறு மீன்கள். அளவுக்கான எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அதை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதைக் குறித்துக்கொள்ளாதவர், அறியாமலேயே குற்றம் செய்பவராகிவிடுவார். இதற்கு நான் பின்பற்றும் வழி எளியது. குறைந்தபட்ச அளவை ஒட்டியிருக்கும் எந்த மீனையும் சுடுவதில்லை. 30 என்று விதி சொன்னால், நீருக்குள் எனக்குச் சந்தேகமே இல்லாமல் 40 என்று தெரிகிற மீன்கூட எனக்குப் போதாது. கண்ணாடியின் பெருக்கத்தைக் கழித்துவிட்டால் அது 30 ஆகத்தான் இருக்கும். கிங்ஃபிஷ் போன்ற பெரிய மீன்களில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. அங்கே குறைந்தபட்ச நீளம் 75 சென்டிமீட்டர். கூட்டமாக வட்டமிட்டு வரும் இளம் மீன்களிடையே எது 70, எது 80 என்று பிரித்தறிய, பழகிய கண்ணுக்கே நேரம் எடுக்கும்.

செயலியில் உள்ள மீன் படங்களைத் தூண்டில்காரர்கள் சட்டென்று கடந்துபோவார்கள். ஈட்டி வைத்திருப்பவர் அவற்றின் முன்னால் பொறுமையாக உட்கார வேண்டும். நியூசிலாந்துக் கடலில் முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட புள்ளிக் கருங்களவா என்ற மீன் ஒன்று உண்டு. பாறை இடுக்குகளை விட்டு அதிகம் விலகாமல், மனிதரைக் கண்டால் ஓடாமல் நின்று பார்க்கும் இயல்புடைய மீன் அது. தூண்டிலில் தவறிச் சிக்கினால் விடுவிக்கலாம். ஈட்டிக்காரரின் தவறு திருத்த முடியாதது. அறிமுகமில்லாத களவா இனம் எதுவாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, மூடப்பட்ட பகுதிகள். கடல்சார் காப்பகங்களின் எல்லைகளைச் செயலியின் வரைபடத்தில் பார்க்க முடிவது, இந்தச் சேவையின் இரண்டாவது பெரும்பலம். லீ என்ற ஊருக்கு அருகே, ஆடு தீவைச் சுற்றியுள்ள கேப் ராட்னி – ஒகாகாரி பாயிண்ட் காப்பகம் 1975 முதல் இருந்துவருகிறது. நாட்டின் முதல் கடல்சார் காப்பகம் அதுவே. டுடுகாகா துறைமுகத்திலிருந்து முக்குளிப்புப் படகுகள் செல்லும் புவர் நைட்ஸ் தீவுகள் 1981இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 1998 முதல் எந்த வகை மீன்பிடிப்புக்கும் இடமில்லாத பகுதியாக இருக்கின்றன. இந்தத் தடை, தீவுகளின் கரையிலிருந்து 800 மீட்டர் வரை நீள்கிறது. உலகின் மிகச் சிறந்த முக்குளிப்பு இடங்களில் ஒன்றாக அது புகழ்பெற்றிருப்பதால், வெளிநாட்டுப் பயணி அதைத் தன் பட்டியலில் முதலில் எழுதிவைப்பது இயல்பு. முக்குளிக்கத் தகுந்த இடம் எல்லாம் ஈட்டிக்குத் தகுந்த இடம் என்று எண்ணிவிடக் கூடாது. சொல்லப்போனால், சுற்றுலா விளம்பரங்களில் மீன்கள் பயமின்றிக் கூட்டமாக நிற்கும் படம் ஒன்றைக் கண்டால், அது ஒரு காப்பகத்தில் எடுக்கப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காப்பகங்கள் பெரும்பாலும் நிலையானவை, அவற்றின் எல்லைகள் அரிதாகவே மாறும். தற்காலிகத் தடைகள் அப்படி இல்லை. 1996ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட இடங்களைச் சில காலத்துக்கு மூட முடியும். 2021இல் கிரேட் பாரியர் தீவில், அதாவது மவோரி மொழியில் அவோட்டேயாவில், அயலகக் கடற்பாசியான காலர்பா கண்டறியப்பட்டபோது, உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நங்கூரமிடுவதற்கும் மீன்பிடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. இவற்றைத் தவிர, மவோரி சமூகத்தினர் ஓரிடத்தில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, கடல்வளம் குன்றினாலோ அறிவிக்கும் ‘ராஹுயி’ என்ற வழக்குமுறைத் தடையும் உண்டு. அரசு ஆணையாக மாறாத ராஹுயியைச் சட்டப்படி மீறியதற்காக அபராதம் விதிக்க முடியாது என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். விருந்தினராக ஒரு கரைக்குச் செல்பவர் அந்த வாதத்தைக் கையில் எடுப்பது எனக்கு ஏற்புடையதன்று. அந்தக் கரையில் வாழ்பவர்கள் துக்கம் காக்கும் கடலில் மீன் பிடிக்க இறங்குவதை எந்தச் சட்ட நுணுக்கமும் சரியாக்காது. இப்படிப்பட்ட தடைகளை அறிய, இறங்கும் இடத்துக்கு அருகிலுள்ள முக்குளிப்புக் கடையிலோ படகுத்துறையிலோ அன்று காலையில் கேட்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

இப்போது செயலியின் எல்லைக்கு வருகிறேன். மீனின் பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு எண்ணிக்கையும் நீளமும் உடனே கிடைக்கின்றன. ஈட்டி மீன்பிடிப்பவருக்குப் பெரும்பாலான விபரீதங்கள் வருவதோ எண்ணிக்கையிலிருந்தோ நீளத்திலிருந்தோ அல்ல. எதைக் கொண்டு பிடித்தோம், எப்படி மூச்சு விட்டோம், படகில் உடன் என்ன இருந்தது என்பவற்றிலிருந்துதான். நியூசிலாந்தில் பாவா என்ற கருங்கால் சிப்பியை எடுக்கலாம். பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்ச அளவு 125 மில்லிமீட்டர். ஆனால் அதை மூச்சடக்கி மூழ்கி மட்டுமே எடுக்க வேண்டும். ஸ்கூபா முதலிய நீரடிச் சுவாசக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பதோடு விதி நின்றுவிடவில்லை. பாவாவும் அத்தகைய கருவியும் ஒரே படகிலோ ஒரே வாகனத்திலோ இருப்பதே குற்றம். இதைப் பயணத்தின் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்து வாடகை வண்டியில் போகிறார்கள். ஒருவர் ஸ்கூபாவில் படமெடுப்பவர், மற்றவர் மூச்சடக்கி மூழ்குபவர். இரண்டாமவர் முறையாக எடுத்த பாவா, முதலாமவரின் உருளையோடு ஒரே வண்டியில் ஏறியவுடன் இருவரும் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். சிங்கி இறாலுக்கும் இப்படி ஒரு விதி உண்டு: ஓட்டைத் துளைக்கும் எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்கக் கூடாது. ஈட்டியோடு இறங்கியவர் பாறைக்கடியில் சிங்கி இறாலின் உணர்கொம்புகளைக் கண்டால், துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையால் பிடிக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

பொழுதுபோக்காகப் பிடித்த மீனை அங்கே விற்கவோ பண்டமாற்றாகக் கொடுக்கவோ கூடாது. தங்கும் விடுதியில் மீனைக் கொடுத்து அறை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்வதும், உணவகத்தில் கொடுத்து இலவசமாகச் சாப்பிடுவதும் இந்தத் தடைக்குள் வந்துவிடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மீன்வள அலுவலர்களுக்குப் பிடிபட்டவற்றைச் சோதிக்கவும், குற்றத்தில் பயன்பட்ட கருவிகள், வண்டி, படகு ஆகியவற்றைக் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு. மறுபுறம், கடலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க நியூசிலாந்தில் உரிமம் எதுவும் தேவையில்லை. உரிமம் கேட்காத நாட்டில் விதிகளும் தளர்வாக இருக்கும் என்று நினைத்துச் செல்பவர் ஏமாந்துபோவார்.

கடலில் இறங்குவதற்கு முன்பே தொடங்கும் விதிகளை இந்தச் செயலியில் தேட வேண்டியதில்லை. அவை வேறு துறைகளைச் சேர்ந்தவை. நாட்டுக்குள் நுழைவதற்காக நிரப்பும் பயணியர் அறிவிப்பில், நீர்நிலைகளில் பயன்படுத்திய முக்குளிப்புக் கருவிகளையும் மீன்பிடிக் கருவிகளையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தவறாக அறிவித்தால் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம். வெட்சூட் என்னும் முக்குளிப்பு உடை, காலுறை, ஃபின் என்னும் கால்துடுப்பு, மிதவைக் கயிறு ஆகியவற்றை நன்னீரில் அலசி, முழுமையாக உலர்த்தி, மணலும் பாசியும் ஒட்டாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கயிறுகளின் முறுக்குக்குள் தங்கியிருக்கும் மணலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈட்டித் துப்பாக்கியின் குழல் உட்புறமும் அப்படியே. படகுகள் செல்லும் பகுதியில் முக்குளிப்பவர் கொடி காட்ட வேண்டும். கொடியிலிருந்து 200 மீட்டருக்குள் படகுகள் 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்துக்கு மேல் செல்லக் கூடாது.

பிற நாடுகளின் சேவைகளோடு ஒப்பிடாமல் இதைச் சிறந்தது என்று சொல்வது நியாயமாகாது. நியூ சவுத் வேல்ஸ் அரசின் ‘ஃபிஷ்ஸ்மார்ட்’ செயலியும் இலவசமானது, இடம் அறிந்து விதி காட்டக்கூடியது. ஈட்டி மீன்பிடிப்பைப் பொறுத்தவரை அம்மாநிலத்தின் விதிகள் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளன: மீன்பிடிக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும், ஸ்கூபாவோ, மேலிருந்து குழாய் வழியாகக் காற்று தரும் ஹூக்காவோ பயன்படுத்தி ஈட்டி எறியக் கூடாது, பெருங்கடல் கடற்கரைகளில் இரு முனைகளிலும் உள்ள கடைசி 20 மீட்டரைத் தவிர மற்ற இடங்களில் ஈட்டிக்கு அனுமதி இல்லை. இந்த 20 மீட்டர் விதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கரையில் நின்று கண்ணாலேயே புரிந்துகொள்ளக்கூடிய விதி அது. அங்கு நீல குரோப்பர் மீனை ஈட்டியால் கொல்வது 1969 முதல் தடைசெய்யப்பட்டிருந்தும், 2023 டிசம்பர் இறுதியில் சிட்னியின் குரோனுல்லா அருகே, அப்பகுதி மக்கள் பெயர் வைத்துப் பழகியிருந்த ஒரு மீன் ஈட்டிக்கு இரையானது. மக்களின் கோபம் அடங்கவில்லை. 2024 மார்ச்சில் தூண்டிலுக்கும் தடை விரிந்தது. ஒரு தனிமனிதரின் ஈட்டி, எல்லா மீன்பிடிப்பாளர்களுக்குமான விதியையே மாற்றிவிட்டது. விருந்தாளியாகப் போகிறவர் இந்தப் பொறுப்பை உணர வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ‘ஃபிஷ் ரூல்ஸ்’ என்ற தனியார் செயலியோடு இணைந்து விதிகளை வழங்குகிறது. இனம் வாரியாக அறிய அது நல்ல கருவி. ஆனால் புளோரிடாவின் ஈட்டி விதிகள் தூரங்களாலும் எல்லைகளாலும் பின்னப்பட்டவை. பொதுக் குளியல் கடற்கரை, மீன்பிடி மேடை, மீன்பிடிக்க அனுமதியுள்ள பாலம் ஆகியவற்றிலிருந்து 100 கெஜத்துக்குள் ஈட்டி கூடாது. கீ லார்கோவின் ஜான் பென்னிகாம்ப் போன்ற மாநிலப் பூங்கா நீரில் அறவே கூடாது. டார்பன், ஸ்னூக், போன்ஃபிஷ், சிங்கி இறால் உட்பட ஒரு நீண்ட பட்டியல் ஈட்டிக்கு விலக்கப்பட்டது. தூண்டிலுக்கு அனுமதிக்கப்பட்ட மீனும் அதில் இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அட்லாண்டிக் பக்கம் 3 கடல்மைல் வரையும், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 9 கடல்மைல் வரையும் மாநில நீர். அதற்கு அப்பால் மத்திய அரசின் விதிகள். இந்த மாநிலத்தைப் பொறுத்தவரை, வனவிலங்கு ஆணையத்தின் ஈட்டி மீன்பிடிப்புப் பக்கத்தை முழுமையாக வாசிப்பதற்கு எந்தச் செயலியும் மாற்றாகாது. விந்தை என்னவென்றால், வேறு பல நாடுகள் தடைசெய்திருக்கும் ஸ்கூபா ஈட்டி மீன்பிடிப்பு புளோரிடாவில் அனுமதிக்கப்படுகிறது. அங்கே பழகியவர் அதே பழக்கத்தோடு நியூ சவுத் வேல்ஸுக்கோ இத்தாலிக்கோ போனால் முதல் நாளிலேயே சிக்கிக்கொள்வார்.

புளோரிடாவிலிருந்து படகிலேயே போய்ச் சேரக்கூடிய பஹாமாஸில் ஈட்டித் துப்பாக்கியே சட்டவிரோதம். விசையில்லாத ஹவாய்க் கவணும் கழி ஈட்டியும் மட்டுமே அங்கு அனுமதிக்கப்படுகின்றன. மாலத்தீவிலோ ஈட்டித் துப்பாக்கியை நாட்டுக்குள் கொண்டுவருவதே தடை. ஃபிஜியில் கரையோரக் கடல் அந்தந்தச் சமூகத்தின் மரபுவழி மீன்பிடிப் பகுதியாக, ‘கோலிகோலி’யாக, இருப்பதால் ஊர்த் தலைமையின் அனுமதி முதல் தேவை, அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை களவா இனங்களைப் பிடிப்பதும் தடை. இத்தாலியில் 16 வயது நிரம்பாதவர் ஈட்டித் துப்பாக்கியைத் தொடக் கூடாது. குளிப்பவர்கள் கூடும் கடற்கரையிலிருந்து 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். தம் அடையாள மிதவையிலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு அனுமதியில்லை. இதற்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கட்டுப்பாட்டு விதிமுறைப்படி, 2026 ஜனவரி 10 முதல் குறிப்பிட்ட சில இனங்களைப் பிடிப்பவர்கள் பதிவு செய்துகொண்டு, பிடித்ததை மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். ஆகவே பயண ஏற்பாட்டின் வரிசையும் முக்கியம். கருவிக்கு அனுமதி உண்டா என்பதை விமானச் சீட்டுக்கு முன்பே பார்க்க வேண்டும். மீன் இனமும் அளவும் அதற்குப் பிறகுதான்.

பயண ஏற்பாட்டு நிறுவனங்களும் வழிகாட்டிகளும் இந்த வேலையை நமக்காகச் செய்ய மாட்டார்களா என்று கேட்கலாம். சிலர் மிக நன்றாகச் செய்கிறார்கள். முன்பதிவுக்கு முன் நான் எழுதிய கேள்விகளுக்கு ஓர் ஏற்பாட்டாளர், நாங்கள் இறங்கப்போகும் இடங்களின் காப்பக எல்லைகளைக் குறித்த வரைபடத்தையும், அந்தப் பருவத்தில் விலக்க வேண்டிய இனங்களையும், என் துப்பாக்கியின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அது அங்கே ஏற்கத்தக்கதா என்பதையும் பதிலாக அனுப்பினார். இன்னொருவரோ எல்லாக் கேள்விகளுக்கும், ‘கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற ஒரே வரியில் பதில் சொன்னார். அவரிடம் நான் போகவில்லை. நீருக்குள் விசையை அழுத்துவது என் விரல்தான். பிடிபட்ட மீனின் அருகில் நிற்பவனும் நான்தான். உள்ளூரில் காலங்காலமாக மீன் பிடிக்கும் படகோட்டி நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வார்த்தைகூடப் பழைய ஆண்டின் விதியாக இருக்கலாம். அதனால் வழிகாட்டியிடம் அனுமதி கேட்காமல் விதியின் மூலத்தைக் கேளுங்கள்: எந்த அரசுத் துறை, எந்தப் பக்கம், எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது. இந்தக் கேள்விக்கு எரிச்சல் அடையாத வழிகாட்டியே நல்ல வழிகாட்டி என்பது என் அனுபவம்.

மீண்டும் செயலிக்கு வந்தால், நடைமுறையில் சில குறிப்புகள். உப்பு நீர் சொட்டும் விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணிவதில்லை என்பதால், நீர்புகா உறையில் போட்டு, படகேறும் முன்பே அன்றைய இடத்துக்குரிய பக்கத்தைத் திறந்துவைத்துவிடுவது நல்லது. நாடு வந்து சேர்ந்ததும் இணைய வசதி உள்ள இடத்தில் ஒருமுறை செயலியைத் திறந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; பல மாதங்களுக்கு முன் பதிவிறக்கியதை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. இடத்தின் விதிகளை ஒரு தாளில் நான்கைந்து வரிகளாக எழுதி மனப்பாடம் செய்துகொள்வது, திரையைப் பார்ப்பதைவிட நீருக்குள் அதிகம் உதவுகிறது: சுடக்கூடிய இனங்கள், நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு, தொடக் கூடாத இனங்கள், எல்லைக்கோடு செல்லும் பாறையின் அடையாளம்.

நியூசிலாந்துக்குச் செல்லும் ஈட்டி மீன்பிடிப்பாளர் ஒவ்வொருவரும் இந்தச் செயலியைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறேன். இடம் அறிதல், அலைவரிசையின்றி இயங்குதல், காப்பக எல்லைகள் ஆகிய மூன்றிலும் அது முழு மதிப்பெண் பெறுகிறது. கருவி, சுவாசம், உடன்வைத்திருத்தல் ஆகியவை பற்றிய விதிகளை அமைச்சகத்தின் இணையதளத்தில் தனியாக வாசிக்க வேண்டும். உயிரியல் பாதுகாப்பு விதிகளைப் பெட்டி கட்டும் முன்பும், ராஹுயி பற்றிய செய்தியைக் கடலில் இறங்கும் நாளின் காலையிலும் கேட்டறிய வேண்டும்.